இருக்கட்டும்

சுவரில் முட்டிக்கொள்வதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
ஒசாகாவில், ஜூஸோ நிலையத்துக்குப் பின்னால்,
நான்காம் மாடியில்,
பதினாறு வருடமாக
ஒரு குட்டிப் படகோட்டியை
ஒவ்வொரு சுவரிலும் மோதவிட்டுப் பார்க்கிறேன்.
தடுத்தால் சரி.
விட்டால் பிழை, எண் போட்டு எழுதிவைக்க வேண்டும்.
சித்திரம் எழுதுகிறவர்கள் மூன்றாம் மாடியில்.
சுவர் என் பொறுப்பு.

முகைஹாதா போய் ஏழு மாதம்.
சாகவில்லை. அலுத்துவிட்டது என்றார், அவ்வளவுதான்.
அவர் குடை இன்னும் வாசலில் நிற்கிறது.
அடைமழையிலும் யாரும் அதைத் தொடுவதில்லை.

ஒன்பதாம் பாகத்தை யார் இயக்குவது?
காபி இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது இந்தக் கேள்வி.
எங்களோடு கை கழுவுகிறது.
கடைசி ரயிலில் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு
வீடு வரைக்கும் வருகிறது.

குரெபயாஷி, எட்டு பாகத்துச் சண்டைகளையும் கட்டியவர்,
வரைபடம் நான்கு மடங்கு என்கிறார்.
நான்கு மடங்கு சுவர் என்று
கேட்டுக்கொள்கிறது என் நெற்றி.
அன்ஸாய் முதல் பாகத்தையே மெருகேற்றி விற்கலாம் என்கிறார்.
ஏக்கத்துக்கு என்ன விலை என்று
திரையில் ஒரு கோடு காட்டினார்.
அது ஏறிக்கொண்டே போனது.
லியோனிலிருந்து வந்த பஸ்தியான்
ஒன்பது வயதில் இரண்டாம் பாகத்துக்காக
காய்ச்சல் என்று பொய் சொல்லி
ஒரு வாரம் படுத்துக் கிடந்தாராம்.
சொல்லும்போதே கண் கலங்கியது.
அது தகுதியில் சேருமா
என்று அறையில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த இரண்டாம் பாகத்தில்
உப்புக் கிடங்குக்குப் பின்னால்
ஒரு சுவர் விட்டுவிடும்.
உள்ளே பெட்டி இல்லை, பேய் இல்லை.
சாம்பல் தரை,
எங்கிருந்தோ கொஞ்சம் கடல் சத்தம்.
பிழை 417 என்று எழுதினேன்.
பதில் கட்டத்தில் முகைஹாதா
ஒரே சொல் போட்டார்:
இருக்கட்டும்.

மூன்றிலும் அதே சுவர், அதே சொல்.
நான்கிலும்.
ஐந்தின்போது அவர் மருத்துவமனையில்.
கெடு முடிகிற இரவு, கட்டம் காலி.
நானே எழுதினேன்.
எட்டிலும் நான்தான்.
தட்டச்சுக்கு ஏது கையெழுத்து?
இதைச் சொன்னால்
நாற்காலியை எனக்கே தந்துவிடுவார்களோ
என்று ஒரு நொடி ஓடியது.
வேண்டாம். எனக்கு முட்டத்தான் தெரியும்.

கூட்டத்தில் என் முறை வந்தபோது
மூவரிடமும் அதையே கேட்டேன்:
417-ஐ என்ன செய்வீர்கள்?
அடைப்பேன் என்றார் குரெபயாஷி, நிமிராமல்.
உள்ளே புதையல் வைத்துத்
தனியாக விற்பேன் என்றார் அன்ஸாய்.
பஸ்தியான் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, தொடவே மாட்டேன், அது கோயில் என்றார்.
கோயில் என்றதும் பயமாகிவிட்டது எனக்கு.
கோயிலில் போய் எப்படி முட்டுவது?

நேற்று ஒன்பதின் முதல் மாதிரி வந்தது,
இயக்குநர் இல்லாமலே.
கிடங்கு இருந்தது. சுவரும் விட்டது.
417 என்று எழுதி
பதில் கட்டத்தை இந்த முறை
காலியாகவே விட்டுவிட்டுப் போனேன்.

காலையில் அதில் பதில் இருந்தது.
எழுதியவள் தோகுரா.
மழைப் பிரிவு, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்,
மின்தூக்கியில் தரையைப் பார்த்தே வணக்கம் சொல்பவள்.
அந்தச் சொல் இல்லை.
ஒரு கேள்வி:
உள்ளே மழை பெய்யுமா?

பதினாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.
போவேன், எண் போடுவேன், திரும்புவேன்.
படகோட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன்.
கிடங்குக் கூரையில் சடசடவென்று
அவளுடைய மழை.
சுவர் விட்டது.
உள்ளே நின்றோம் இருவரும்,
பத்தே முக்கால் மணிக்கு, வேலை நேரத்தில்,
அண்ணாந்து.